லொம்மல் வயலில் வில்லோ: மரம் மண்ணைக் கழுவுமா?

பெல்ஜியத்தின் வடகிழக்கில், நெதர்லாந்து எல்லையை ஒட்டிக் கிடக்கும் மணற்பாங்கான நிலத்துக்குக் கெம்பன் என்று பெயர். ஒரு காலத்தில் அங்கே ஊர்ப் பாதைகளுக்கும் வீட்டு வாசல்களுக்கும் கறுப்பாக ஒரு சரளையைக் கொட்டி நிரவினார்கள். மழை பெய்தாலும் சேறாகாது, சக்கரம் புதையாது. பக்கத்துத் துத்தநாக உருக்காலைகள் கழித்துப் போட்ட சாம்பலும் கசடும்தான் அந்தச் சரளை. பாதையில் கிடந்ததையாவது பிற்பாடு தோண்டி எடுக்க முடிந்தது. புகைபோக்கி வழியாகப் பறந்து வயல்களில் படிந்ததை என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் இன்றுவரை முழுப் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு மரத்தை விடையாக வைத்துப் பார்த்த ஒரு வயலின் கதை இது.

லொம்மல், ஓவர்பெல்ட், பாலன், எல்லைக்கு அந்தப் பக்கம் பூடெல் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி அந்த வட்டாரத்தில் வரிசையாக உருக்காலைகள் வந்தன. பழைய முறையில் துத்தநாகத் தாதுவை வறுத்து, கரியோடு கலந்து, களிமண் கலங்களில் வைத்துச் சூடேற்றுவார்கள். துத்தநாகம் 907 டிகிரி செல்சியசில் கொதித்து ஆவியாகும். அந்த ஆவியைக் குளிர்வித்துப் பிடித்தால் உலோகம். சிக்கல் என்னவென்றால், துத்தநாகத் தாதுவில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதன் கொதிநிலை 767 டிகிரி. துத்தநாகம் கிளம்புவதற்கு முன்பே அது கிளம்பிவிடும். பிடிபடாத ஆவி காற்றில் தூசாகிப் போய்ச் சேர்ந்த இடம், சுற்றியிருந்த வயலும் கிணறும் தோட்டமும். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் கடைசியில் திரும்ப வரும்.

1970-களில் ஆலைகள் மின்பகுப்பு முறைக்கு மாறின, புகை குறைந்தது. அதற்குள் இரு நாடுகளிலுமாகச் சுமார் 700 சதுர கிலோமீட்டர் மேல்மண்ணில் காட்மியம், துத்தநாகம், ஈயம் மூன்றும் ஏறிவிட்டன. நிலமோ களியும் மக்கும் குறைந்த, அமிலத்தன்மை கொண்ட மணல். உலோகத்தை இறுக்கிப் பிடித்து வைக்கும் சக்தி அதற்கு இல்லை. அதே அளவு காட்மியம் ஒரு களிமண் நிலத்தில் இருந்திருந்தால் பயிருக்குள் இவ்வளவு ஏறியிருக்காது.

1985 முதல் 1989 வரை பெல்ஜியத்தில் 'காட்மிபெல்' என்ற பெயரில் பெரிய மக்கள்நல ஆய்வு ஒன்று நடந்தது. உடம்பில் காட்மியம் சேரச் சேரச் சிறுநீரகத்தின் வேலை கெடுகிறது என்பதை அது தொழிலாளர்களிடம் மட்டுமல்லாமல் சாதாரண ஊர் மக்களிடமும் காட்டியது. 2006-இல் வந்த தொடர் ஆய்வு, நுரையீரல் புற்றுநோயோடும் இதற்குத் தொடர்பிருப்பதைச் சொன்னது. வீட்டுத் தூசியும் தோட்டத்துக் காய்கறியும்தான் முக்கியமான வழிகள். ஆலை நின்றால் பிரச்சினை நின்றுவிடும் என்று யாராவது நம்பியிருந்தால், அந்த நம்பிக்கை அதோடு போயிற்று.

தோண்டுவதா, மூடுவதா?

முதலில் யாருக்கும் தோன்றுவது மண்ணையே மாற்றிவிடுவது. ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் படுகையில் அதைத்தான் செய்தார்கள். காட்மியம் ஏறிய அரிசியைத் தின்று எலும்பு நொறுங்கும் 'இத்தாய்-இத்தாய்' நோய் வந்த இடம் அது. சுமார் 860 ஹெக்டேர் வயலின் மண்ணைப் புரட்டி மாற்றும் வேலை 1979-இல் தொடங்கி 2012-இல்தான் முடிந்தது.

கெம்பனில் இருப்பது 70,000 ஹெக்டேர். ஒரு ஹெக்டேரில் மேலே 25 சென்டிமீட்டர் மண் மட்டும் ஏறக்குறைய 3,500 டன் வரும். பெருக்கினால் 24 கோடி டன்னுக்கு மேல். அத்தனையையும் வாரினால் கொட்டுவதற்கு இன்னொரு மாவட்டம் வேண்டும். ஆகவே வாருவது என்ற பேச்சு மிக மோசமான சிறு துண்டுகளோடு நின்றுவிட்டது.

ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தின் யாகோ வான்க்ரோன்ஸ்வெல்டும் குழுவினரும் முதலில் எடுத்தது வேறு வழி. லொம்மலின் மாட்ஹைடே பகுதியில் பழைய உருக்காலை இருந்த இடம் புல்கூட முளைக்காத மொட்டை மணலாகக் கிடந்தது. காற்றடித்தால் நச்சு மணல் பறக்கும். 1990-இல் அங்கே 3 ஹெக்டேரில் தொழுவுரம் போன்ற மக்கிய உரத்தோடு 'பெரிங்கைட்' என்ற பொடியைக் கலந்தார்கள். பெரிங்கன் நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுக் குவியலை எரித்தபோது கிடைத்த பொருள் அது. ஒரு தொழிலின் கழிவால் இன்னொரு தொழிலின் கழிவைக் கட்டிப்போட்டது எனக்குப் பிடித்த விஷயம். பொடி அமிலத்தைத் தணித்து உலோகத்தைப் பிடித்துக்கொண்டது. மேலே விதைத்த புல் வேர்விட்டு நிலத்தை மூடியது. சில வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் புல் நன்றாகவே இருந்தது.

ஆனால் இதில் ஒரு கிராம் காட்மியம்கூட வெளியேறவில்லை. மூடிபோட்டார்கள், அவ்வளவுதான். மொட்டை மணலுக்கு அது சரி. உழுது பயிர் வைக்கும் வயலுக்கு? அங்கேதான் மரம் உள்ளே வருகிறது.

2006-இல் நட்ட போத்துகள்

லொம்மலில் மாசுபட்ட விவசாய நிலம் ஒன்றில் 2006-இல் வில்லோ, பாப்லர் என்ற இரண்டு வகை மரங்களை நட்டார்கள். தோப்பு என்றால் மனதில் வரும் காட்சி இங்கே பொருந்தாது, கரும்புக்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முருங்கைப் போத்து நடுவதுபோல, ஒரு சாண் நீளக் குச்சியை வசந்த காலத்தில் மண்ணுக்குள் செருகுவார்கள். இந்த மாதிரிச் சாகுபடியில் ஹெக்டேருக்குப் பதினைந்தாயிரம் குச்சிக்கு மேல்கூடப் போகும். முதல் வருடம் வளர்ந்ததைத் தரையோடு வெட்டிவிட, அடிக்கட்டையிலிருந்து நாலைந்து தண்டுகள் கிளம்பும். அப்புறம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை அறுவடை, மறுதாம்பு, அறுவடை என்று 20, 25 வருடம் ஓடும்.

ஏன் வில்லோ? வேகமாக வளரும், வெட்ட வெட்டத் துளிர்க்கும், காட்மியத்தையும் துத்தநாகத்தையும் தண்டுக்கும் இலைக்கும் ஏற்றிவிடும் பழக்கம் அதற்கு உண்டு. துத்தநாகம் செடிக்கு வேண்டிய சத்து. அதை உள்ளே எடுக்க வேரின் செல்சுவரை ஒட்டிய சவ்வில் வாயில்கள் இருக்கின்றன. காட்மியம் வேதிக்குணத்தில் துத்தநாகத்தின் தம்பி மாதிரி, வாயிற்காவலுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. உள்ளே வந்ததை மரம் நீரோடு மேலே தள்ளி, பெரும்பாலும் இலையில், செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பைகளில் அடைத்து வைக்கிறது. அங்கே அடைத்தால் ஒளிச்சேர்க்கைக்குத் தொந்தரவு குறைவு.

எல்லா வில்லோவும் ஒன்றல்ல என்பதும் முக்கியம். ஒரே வயலில் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் ஒரு ரகம் இன்னொன்றைவிடப் பல மடங்கு காட்மியம் ஏற்றும். சுவீடனில் விறகுக்காக உருவாக்கிய 'டோரா' போன்ற ரகங்களையும் உள்ளூர் ரகங்களையும் வைத்து ஒப்பிட்டதற்குக் காரணம் அதுதான். முதல் சுழற்சியின் முடிவில் பாப்லர் தேறவில்லை, அந்த ஏழை மணலில் அதன் விளைச்சல் குறைவு. வில்லோ நடுத்தரம். காட்மியம் சட்ட வரம்புக்குள் இறங்கக் குறைந்தது 36 வருடம் ஆகும் என்று 2011-இல் வெளிவந்த, அந்த மரங்களை ஆராய்ந்தவர்களின் கணக்கு சொல்கிறது. நட்டபோது 40 வயதிலிருந்த விவசாயிக்கு அப்போது 76 வயது ஆகியிருக்கும்.

கையால் போட்டுப் பார்க்கும் கணக்கு

36 வருடம் என்றதும் மரம் மந்தமாக வேலை செய்கிறது என்று தோன்றும். முழு எண்களாக வைத்துக்கொண்டு ஒரு கணக்கைப் போட்டால் விஷயம் எங்கே இருக்கிறது என்று புரியும். இவை லொம்மலின் அளவீடுகள் அல்ல, கைக்கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை.

ஒரு ஹெக்டேர் மேல்மண் 3,500 டன். கிலோவுக்கு 5 மில்லிகிராம் காட்மியம் இருந்தால் மொத்தம் பதினேழரைக் கிலோ. அதை 2 மில்லிகிராமுக்கு இறக்கப் பத்தரைக் கிலோவை வெளியேற்ற வேண்டும். வில்லோ வருடத்துக்கு 5 டன் உலர்ந்த மரம் தருகிறது, அதில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் காட்மியம் என்றால் 125 கிராம். தூய உலோகமாக எடுத்தால் ஒரு மேசைக்கரண்டியில் அடங்கிவிடும். ஒரு ஹெக்டேர் காடு ஒரு வருடம் முழுக்க உழைத்த பலன் ஒரு கரண்டி! இந்த வேகத்தில் 84 வருடம்.

இப்போது இலையைச் சேருங்கள். ஒன்றரை டன் இலை, கிலோவுக்கு 60 மில்லிகிராம்: இன்னொரு 90 கிராம். சேர்த்தால் வருடத்துக்கு 215 கிராம், காலம் 49 வருடமாகக் குறைகிறது. இலையை எடுத்துப்போகிறோமா, விட்டுவிடுகிறோமா என்ற ஒரே முடிவில் 35 வருடம் தொங்குகிறது.

அந்த நாட்டு விறகு வில்லோவை எப்போது அறுக்கிறார்கள்? குளிர்காலத்தில், இலையெல்லாம் உதிர்ந்த பிறகு. நிலம் உறைந்து கெட்டியாக இருக்கும், இயந்திரம் புதையாது. மரமும் சத்தை வேருக்கு இறக்கி வைத்திருக்கும், அடுத்த துளிர் நன்றாக வரும். எரிப்பவர்களுக்கும் இலை இல்லாத கட்டைதான் வேண்டும். எல்லாருக்கும் வசதியான இந்த நேரம் மண்ணைச் சுத்தம் செய்ய வந்தவனுக்கு மட்டும் தவறான நேரம். ஆழத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஆறு மாதம் உறிஞ்சிச் சேர்த்த காட்மியத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானதை மரம் அக்டோபரில் தரையில் கொட்டிவிடுகிறது. அதற்கு முன்பே பச்சை இலையோடு வெட்டினால் உலோகம் கிடைக்கும், ஆனால் தழைச்சத்தும் கூடவே போய்விடும், மறுதாம்பு சோர்ந்துவிடும்.

ஈயத்துக்கு இந்தக் கணக்கே செல்லாது. கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்றால் ஹெக்டேருக்கு 700 கிலோ ஈயம். அது மக்கோடும் பாஸ்பேட்டோடும் ஒட்டிக்கிடக்கும், கரைந்தாலும் வேரிலேயே தங்கிவிடும். மரத்தில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஏறினால் வருடத்துக்கு 25 கிராம். 700 கிலோவில் நூற்றில் ஒரு பங்கை எடுக்கவே 280 வருடம். மரம் ஈயத்தை உறிஞ்சி நிலத்தைச் சுத்தமாக்கும் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பெருக்கலை ஒரு முறை போட்டுப் பார்த்திருந்தால் நன்றாயிருக்கும்.

ஈயத்தைக் கரைத்து வேருக்குள் தள்ளுவதற்காக ஈடிடிஏ போன்ற பிணைப்பான்களை மண்ணில் ஊற்றிப் பார்க்கும் அலை ஒன்று 1990-களில் எழுந்தது. உலோகம் கரைந்தது. செடி எடுத்தது கொஞ்சம், மழையோடு நிலத்தடி நீருக்கு இறங்கியது மிச்சம். அந்த அலை சீக்கிரமே அடங்கியது.

ஒரே நிலத்தில் இரண்டு மரம், இரண்டு முடிவு

இலை உதிர்வு வெறும் கணக்குப் பிரச்சினைதானா என்று கேட்டால், நீண்டகாலச் சோதனை ஒன்றே அதற்குப் பதில் வைத்திருக்கிறது. உலோகம் கலந்த தூர்வாரிய வண்டலைக் கொட்டிய ஒரு நிலத்தில் ஓக், ஆஷ், சிக்கமோர் மேப்பிள், பாப்லர் என நான்கு மரங்களைத் தனித்தனிப் பாத்திகளில் நட்டிருந்தார்கள். 33 வருடம் கழித்து மண்ணை எடுத்துச் சோதித்த முடிவு 2007-இல் வெளிவந்தது. பாப்லர் நின்ற பாத்தியில் மேல்மண்ணில் காட்மியமும் துத்தநாகமும் கூடியிருந்தன. வருடாவருடம் கீழிருந்து இழுத்து இலையில் ஏற்றி மேலே போட்டது அது. யாரும் அள்ளிப்போகாததால் மண்புழுவும் பூச்சியும் புழங்கும் அடுக்கில் உலோகம் வந்து குவிந்துவிட்டது. உலோகம் ஏறிய அந்தச் சருகு மட்குவதும் தாமதப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

ஓக் வேறு மாதிரி. அதன் திசுக்களில் உலோகம் சாதாரண அளவுதான். ஆனால் அது மண்ணை மற்ற மரங்களைவிட அதிகம் புளிக்கவைத்தது. மேலடுக்கில் உலோகம் குறைந்தது. நல்லதுதானே என்றால், குறைந்தது காணாமல் போகவில்லை, புளித்த மண்ணிலிருந்து கரைந்து கீழ்நோக்கி நகர்வதற்கு வழி திறந்திருக்கிறது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

மரத்தை ஒரு பம்பு என்று வைத்துக்கொண்டால், குழாயின் மறுமுனை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். லொம்மலில் மறுமுனை லாரிக்குள் இருந்தது, வண்டல் நிலத்தில் அதே மண்ணின் மேல்தட்டில் இருந்தது. மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

இலையைத் தின்பவர்கள் கதையும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் கனிமவளம் மிகுந்த பகுதியில் வாழும் டார்மிகன் பறவைகள் குளிர்காலத்தில் வில்லோ மொட்டுகளை நம்பியே உயிர்வாழ்கின்றன. அவற்றின் சிறுநீரகங்களில் காட்மியம் சேர்ந்து, உறுப்பு கெட்டு, எலும்பும் வலுவிழந்ததை 2000-இல் வந்த ஆய்வு காட்டியது. அங்கே யாரும் மண்ணைச் சுத்தம் செய்யப் போகவில்லை, வில்லோ தன் இயல்பில் இருந்தது. நாம் வேண்டுமென்றே அதிகம் ஏற்றும் ரகமாகத் தேர்ந்து நடும்போது முயலும் மானும் கம்பளிப்புழுவும் பந்திக்கு வரும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

விவசாயியின் இழுபறி

இடையில் நிலத்துக்காரரின் பாடு இருக்கிறது. கெம்பனில் மாட்டுப் பண்ணைகள் அதிகம், வயலில் நிற்பது பெரும்பாலும் தீவன மக்காச்சோளம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தாவரத் தீவனத்துக்கு காட்மிய வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம். வரம்பைத் தாண்டாமலிருக்க எளிய வழி சுண்ணாம்பு போடுவது. அமிலம் தணிந்தால் காட்மியம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், பயிருக்குள் ஏறாது.

சரி, அப்படியென்றால் வில்லோவுக்கும் ஏறாது! இந்த வருடச் சோளத்தைக் காப்பாற்றப் போடும் சுண்ணாம்பு, முப்பது வருடத் திட்டத்தின் காலை வாருகிறது. சுண்ணாம்பை நிறுத்தினால் மரம் நன்றாக உறிஞ்சும், மழைநீரும் நன்றாகக் கரைத்துக்கொண்டு இறங்கும். இரண்டையும் ஒரே வயலில் செய்ய முடியாது. கலப்பு உத்தி என்று சிலர் எழுதுவதை நான் நம்பவில்லை. வயலை ஏதாவது ஒன்றுக்கு ஒதுக்கியாக வேண்டும்.

அதனால்தான் லொம்மல் குழு சீக்கிரமே பேச்சின் முனையை மாற்றியது. சுத்தம் செய்வதைத் தலைப்பாக வைக்காமல், விற்கக்கூடிய பயிர் வளரும், அதோடு உலோகமும் மெல்லக் குறையும் என்று வைத்தார்கள். அதே வட்டாரத்தில் எரிவாயுவுக்காக மக்காச்சோளம் போட்டுப் பார்த்ததும் இந்த எண்ணத்தில்தான். விற்கும் விறகுக்கு வருமானம் இருந்தால் 36 வருடம் காத்திருப்பது தண்டனையாக இருக்காது. இது நேர்மையான மாற்றம் என்றே நினைக்கிறேன். 'ஐந்தே வருடத்தில் நச்சு நீங்கும்' என்று விற்றிருந்தால் ஆறாவது வருடம் யாரும் அந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள்.

பாரிசுக்கு வடமேற்கே பியர்லே சமவெளியில் எடுத்த முடிவு இதற்கு நேர் எதிர்ப் பக்கம். அந்த நகரத்தின் கழிவுநீரை நூறு வருடம் போலப் பாய்ச்சிக் காய்கறி விளைவித்த மண் அது, உலோகம் ஏறியதால் காய்கறிச் சாகுபடியைத் தடைசெய்தார்கள். 2019-இல் அங்கே பத்து லட்சம் மரம் கொண்ட புதுக் காட்டை நடத் தொடங்கினார்கள். அங்கே மரத்தின் வேலை உறிஞ்சுவதில்லை. மண்ணை அசையாமல் பிடித்து, அந்த இடத்தில் இனி யாரும் உணவு விளைவிக்காமல் பார்த்துக்கொள்வது. அந்த வேலைக்கு வில்லோவும் பாப்லரும் போய்ச் சேரக் கூடாத மரங்கள். உலோகத்தை வேரோடு நிறுத்திக்கொள்ளும், சருகைச் சுத்தமாக உதிர்க்கும், மண்ணை அதிகம் புளிக்கவைக்காத மரமே வேண்டும். மாசு மண்ணுக்கு எந்த மரம் நல்லது என்று மொட்டையாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். லொம்மலில் பாராட்டு வாங்கும் குணம் பியர்லேயில் குற்றம்.

அடுப்பும் அடிக்கட்டையும்

இனி அந்த இரண்டு எண்கள். லாரியில் ஏறிய வில்லோச் சில்லுகள் கடைசியில் கொதிகலனுக்குப் போகின்றன. அடுப்பின் சூட்டில் காட்மியமும் துத்தநாகமும் ஆவியாகிப் புகையோடு கிளம்பும். புகை குளிரும்போது நுண்ணிய பறக்கும் சாம்பலின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். புகைபோக்கிக்கு முன்னால் நல்ல வடிகட்டி இருந்தால் ஏறக்குறைய அத்தனையும் அங்கே பிடிபடும். அடியில் தங்கும் சாம்பலில் உலோகம் கம்மி. வடிகட்டி இல்லாத வீட்டு அடுப்பில் இதே விறகை எரித்தால் நூறு வருடத்துக்கு முந்தைய உருக்காலையைச் சின்னதாக மறுபடி கட்டியதாகிவிடும். மண்ணைக் கெடுத்த அதே கொதிநிலைதான் இங்கே உலோகத்தை ஓரிடத்தில் திரட்டவும் உதவுகிறது, நடுவில் ஒரு துணிப்பை வடிகட்டி இருக்கிறதா என்பதே வித்தியாசம். அடிச்சாம்பலை வயலுக்கு உரமாகத் திருப்பலாமா என்பதை ஒவ்வொரு சுமைக்கும் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வடிகட்டிச் சாம்பல் நேராக ஆபத்தான கழிவுக் கிடங்குக்கு.

இன்னொன்று பாக்கி. வில்லோ நடவு 20, 25 வருடத்தில் தளர்ந்துவிடும். 36 வருடம் போக வேண்டுமானால் நடுவில் ஒருமுறை எல்லாவற்றையும் பிடுங்கி மறுநடவு செய்தாக வேண்டும். வழக்கமான சாகுபடியில் பழைய அடிக்கட்டையை இயந்திரத்தால் அரைத்து அங்கேயே மண்ணோடு கலந்துவிடுவார்கள், அதுதான் மலிவு. அந்தக் கட்டையிலும் பருத்த வேரிலும் கால் நூற்றாண்டுக் காட்மியம் உட்கார்ந்திருக்கிறது. தோண்டி எடுத்து ஏற்றினால் செலவு, அரைத்துப் போட்டால் வெளியேற்றியதில் ஒரு பங்கு திரும்ப உள்ளே. நடவுக்கான ஒப்பந்தத்தை எழுதும்போதே அந்தக் கட்டையை யார் செலவில், யார் எடுப்பது என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும்.